அரைத் தலைக்கட்டு

அன்னவாசலைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் நிற்கிறேன். அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. இந்த ஊரின் மக்கள்தொகை விவரம் என் கைப்பேசியில் இருக்கிறது: ஆண், பெண், படித்தவர், விவசாயி, கூலி. கரையில் வேறு கணக்கு நடக்கிறது. வற்றிய கண்மாயில் பிடித்த மீனைத் தலைக்கட்டுக்கு ஒரு குவியலாகச் சாக்கின் மேல் வைக்கிறார்கள். திருமணமான ஆண் என்றால் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்த பெண் என்றால் அரை.

நோட்டு வைத்திருக்கும் பெரியவர் ஒரு குவியலைப் பாதியாகப் பிரிக்கிறார். அதற்குரிய பெண் வாளியை நீட்டவில்லை.

“துபாயில இருக்கவுகளுக்கு முழுப் பங்கு. அவுக ஊருக்கு வந்தே மூணு வருசமாச்சு. இங்கயே கெடந்து வெள்ளாமை பாக்குற நான் அரையா மாமா?”

“வழக்கம் அப்படித்தானத்தா.”

“அப்ப கரைக்கு மண்ணு போட்ட அன்னைக்கு நானும் அரை நாளோட வீட்டுக்குப் போயிருக்கலாமுல்ல?”

சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. பிரித்த மீனை மறுபடி சேர்க்கிறார். நோட்டில் அவளுடைய கணவன் பெயரை அடிக்கிறார். அதன் மேல் எழுதப்போன பேனா அப்படியே நிற்கிறது.

“ஒம் பேரு என்னத்தா?”

“எங் கலியாணப் பத்திரிகையில படிச்சிருப்பீங்களே மாமா. செல்வராணி.”

அவர் எழுதி முடிக்கும் வரை பார்த்துவிட்டு, வாளியை நீட்டுகிறாள்.