சந்தோஷமாக இருப்பதற்கு ஒரு கவுன்சலிங்

இன்று மாலை அடையாறில் கவுன்சலிங் முடிந்து மயிலாப்பூர் பஸ் ஏறினேன். கல்யாணமாகிக் குழந்தை இல்லாத பெண்கள் வாரம் ஒருமுறை கூடும் குழு அது. அங்கே நம் குறைகளை விட, நம்மிடம் இருக்கும் நல்லவற்றைத்தான் அதிகம் பேசச் சொல்வார்கள். அதுதான் கஷ்டம்.

பக்கத்து சீட்டில் ஒரு மாமி. பஸ் பாலம் ஏறுவதற்குள் கேட்டுவிட்டார்.

"எத்தனை கொழந்தேள்?"

வழக்கமாக இந்தக் கேள்வி வந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். இன்று வைக்கவில்லை.

"இல்ல மாமி. கல்யாணமாகி ரொம்ப வருஷமாச்சு."

"டாக்டரைப் பாத்தியோ?"

"எல்லாம் பாத்தாச்சு. இப்ப கவுன்சலிங் போறேன்."

"கொழந்தை பொறக்கறதுக்கா?"

"இல்ல மாமி, நான் சந்தோஷமா இருக்கறதுக்கு."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்து அறிவுரைதான் என்று நினைத்தேன்.

"அங்க என்ன பண்ணுவா?"

"இன்னிக்கு அவங்கவங்களுக்குத் தங்ககிட்ட பிடிச்ச குணத்தைச் சொல்லச் சொன்னாங்க. நான் எல்லாரையும் நல்லா சிரிக்க வைப்பேன்னு சொன்னேன். கை தட்டினாங்க."

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"ஏண்டிம்மா, மூணு பெத்தவளையெல்லாம் அங்க சேத்துப்பாளா?"

சிரித்துவிட்டேன். மாமியும் சிரித்தார். லஸ் ஸ்டாப்பில் இறங்குமுன் என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

குழந்தை இருக்கிற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஒதுக்கிவைப்பது நியாயமா? தோழிகளே, நீங்களே சொல்லுங்கள்.