ஆறாட்டன்று மறையாத சித்தி

என் சித்தப்பா இன்டர்மீடியட்டில் இரண்டு தரம் கோட்டை விட்டவர். ஆனாலும் திருவனந்தபுரத்துச் சுவரொட்டிகளில் அவர் புரொபசர். பகலில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலமானால் கறுப்புக் கோட்டு. தபாலில் வரவழைத்த புத்தகங்களைப் பார்த்துக் கற்ற வித்தைகளோடு வாசகசாலை ஆண்டுவிழா, பள்ளிக்கூட விழா என்று ஒன்றையும் விடமாட்டார்.

அவருடைய பெரிய வித்தை சித்தியை மறைய வைப்பது. ஜிகினாப் புடவையில் சித்தி பெட்டிக்குள் இறங்குவாள். சித்தப்பா மூடுவார், கோலால் தட்டுவார், திறப்பார், பெட்டி காலி. அடியில் ஒரு கள்ள அறை உண்டென்பது வீட்டாருக்கு மட்டும் தெரியும். சித்தி அசைகிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க, அதைச் சுற்றிலும் இலவம்பஞ்சு மெத்தை வைத்துத் தைத்தது சித்தப்பாவேதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஊர் ஊராகக் கொட்டகை போடும் மாஜிக் கம்பெனியின் முதலாளி ஒருவர் ஆறாட்டுக் கூட்டத்தை நம்பி வந்திருந்தார். வித்தை பிடித்துவிட்டால் சித்தப்பா வேலையை விட்டு அவரோடு போய்விடுவதாக ஏற்பாடு. வருஷத்தில் பத்து மாதம் வெளியூர். மறைவதற்குக் கம்பெனியிலேயே பெண்கள் இருந்ததால் சித்தி வீட்டில் இருந்துகொள்ளலாம். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார் சித்தப்பா. சித்தி ஜிகினாப் புடவையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

முதலாளிக்கு ஒழிந்தது ஆறாட்டன்று நாலு மணி மட்டும். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு பஜனை மடத்தில் பெட்டியை வைத்தார்கள். சுவாமி கடலில் நீராடக் கோயிலைவிட்டு மேற்கே புறப்பட்டு எங்கள் தெரு வழியாகப் போகும் நேரமும் அதுதான். சுவாமி வாசலுக்கு வந்தால் போட்டது போட்டபடி எழுந்து நின்று கைகூப்ப வேண்டும். எங்கள் தெருவில் ஜுரக்காரனுக்குக்கூட விலக்கு இல்லை.

சித்தி இறங்கினாள். சித்தப்பா மூடினார். தெருமுனையில் மேளம் கேட்டது. கோலை ஓங்கினார். அவர் தட்டுவதற்குள் மூடி தானாகத் திறந்தது. மறைய வேண்டிய சித்தி எழுந்து நின்று, கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

“மேளம் கேட்டுது. சுவாமி வரச்சே எப்படி ஒளிஞ்சுண்டு கிடக்கறது?” என்றாள்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “பக்தி நல்லதுதான் சாரே. பக்ஷே இதை வெச்சுண்டு டிக்கெட் விக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பாவால் கோபிக்கவும் முடியவில்லை. தெருவே சித்தியின் பக்தியைக் கொண்டாடியது. பகவானே சித்தியைப் பெட்டியிலிருந்து கூப்பிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்க நான் பெருமையடித்தேன். கடிதம் கோட்டோடு சலவைக்குப் போய்க் கூழாகித் திரும்பியது. சித்தப்பா ஹெட்கிளார்க்காகிப் பென்ஷன் வாங்கும்வரை ஆபீசுக்குப் போனார், பூ எடுக்கும் வித்தையைக் கடைசிவரை செய்தார். பெட்டியை மட்டும் மேடையேற்றவில்லை. அது பின்கட்டில் கிடந்தது.

அடுத்த ஆறாட்டன்று கண்ணாமூச்சி விளையாடும்போது அந்தக் கள்ள அறைக்குள் ஒளிந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வெளியே வந்தால் சுவாமி போய்ச் சேர்ந்தாகிவிட்டது. சாயங்காலம் இலையில் தோசையை வைத்துக்கொண்டு அழுதேன்.

“வாசலோட மேளம் போயிருக்கே, கேக்கலையாடீ?” என்றார் சித்தப்பா.

“பெட்டிக்குள்ள ஒண்ணுமே கேக்கலை. சித்திக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?”

சித்தியின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது. சித்தப்பா தலை நிமிராமல் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

“மெத்தை வெச்சுத் தைச்சவனே நான்தானே. எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கலை?” என்றாள் சித்தி.

“போகாதேங்கோன்னு நீ வாயால சொல்லியிருந்தா, நான் கேட்டிருப்பேனா?”

சித்தியின் கண் நிறைந்துவிட்டது. அடுப்புப் புகை என்று நினைத்தேன். பெரியவர்கள் ஏதோ மெத்தை தைத்த கதை பேசுகிறார்கள், நமக்கென்ன என்று இன்னொரு தோசை கேட்டேன்.