கடல்மேல் போட்ட பழி

என் இடது மணிக்கட்டைக் கடல்தான் உடைத்தது என்று ஏழு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உடைத்தவர் என் கணவர். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், இறைச்சிக் கறியில் உப்பு ஏறிவிட்டது என்று ஆரம்பித்தார். "காலையில இருந்து குடிச்ச நாக்குக்கு உப்பு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது. முடியைப் பிடித்து அடுக்களைத் தரையில் தள்ளினார். என் கையை இழுத்து அம்மியின் மேல் வைத்துக் குழவியால் அடித்தார். ஒரு தடவை அல்ல. "வாயப் பொத்துட்டி சவமே" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். பேசியது வாய், உடைந்தது கை. அவருடைய நியாயம் அப்படி.

மறுநாள் காலையில் சுனாமி வந்தது. உடைந்த கையைப் பழைய வேட்டித் துணியில் கட்டியிருந்தேன். மற்றக் கையில் ஆறு வயது மகளைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். வலை பார்க்கக் கரைக்குப் போயிருந்தவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அதோடு சேர்ந்து உள்ளே ஒரு நிம்மதி வந்ததும் பொய்யில்லை.

முகாமில் ஒரு சின்ன வயது டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்து, "அலையில அடிபட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார். கோவில் சுவரில் இறந்தவர்கள் வரிசையில் கணவரின் பெயர் ஏறிவிட்டது. ஒவ்வொரு டிசம்பரிலும் அவருக்கு மெழுகுவர்த்தி. அதன் பிறகு உண்மையை யாரிடம் போய்ச் சொல்வது? கடல் அடித்ததற்கு ஆறுதல் சொல்ல வண்டி வண்டியாக ஆள் வந்தார்கள். புருசன் அடித்ததற்கு ஒருத்தரும் வரவில்லை.

அடித்தவர் போன பிறகும் வீட்டில் அடி நிற்கவில்லை. இப்போது மகளை அடித்தது நான். சட்டி கவிழ்ந்தால் அடி, பள்ளி விட்டு வரப் பிந்தினால் அடி, பதில் சொன்னால் அடி, சொல்லாவிட்டாலும் அடி. செருப்பு, துடைப்பம், கையில் எது அகப்படுகிறதோ அது. அவளுக்குப் பதிமூன்று வயதானபோது ஒரு நாள், "மீன் குழம்பு காரமா இருக்கு" என்றாள். இரும்புக் கரண்டியை வீசி முகத்தில் அடித்தேன். மேலுதடு கிழிந்து இரத்தம் சோற்றில் விழுந்தது. அவள் அழவில்லை. முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள். அந்த முழங்கையை எனக்குத் தெரியும். முன்பு அடுக்களையில் நான் மறைத்த மாதிரிதான் அவளும் மறைத்தாள். என்றாவது ஒரு நாள் இவளைக் கொன்றுவிடுவேன் என்று அன்று பயந்தேன்.

கோட்டாற்றில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், கூட நின்ற ஒருத்தி தக்கலையில் ஒரு அம்மா இருப்பதாகச் சொன்னாள். செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை, வாசலில் 'லைஃப் கோச்' என்று பலகை. வளைகுடாவில் நர்சாக இருந்து திரும்பி, பிறகு இதைப் படித்தவராம். "நான் டாக்டர் இல்ல கேட்டியளா. மருந்து வேணும்னா டாக்டர்ட்ட நானே அனுப்புவேன். இங்க நீங்க பேசணும், நான் கேப்பேன்" என்றார். கேள்வி கேட்பதற்கும் ஒரு படிப்பா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

முதல் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். என்னையறியாமல் செய்தது. கோவிலில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாருக்குக் காதோரம்தானே பேசிப் பழக்கம். பேசியதும் அதே முறைதான். கணவரை எதிர்த்துப் பேசினேன், ஒரு நாள் சோறு போடாமல் படுத்தேன், கோவில் சுவரில் அவர் பெயரைப் பார்க்கும்போது ஜெபம் வரவில்லை என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, தலைகுனிந்து காத்திருந்தேன். 

"என்ன எதிர்பாக்கீங்க?" என்றார் அவர்.

"அபராதம் சொல்லுங்க. எத்தன மந்திரம் சொல்லணும்?"

அவர் சிரிக்கவில்லை. "இதெல்லாம் நீங்க செஞ்சது. ஒங்களுக்கு யாரு என்ன செஞ்சா?"

"அடுத்தவங்க பாவத்தச் சொல்லப்பிடாது."

சின்ன வயதில் கோவில் ஞானோபதேச வகுப்பில் அடித்துச் சொல்லித் தந்த பாடம் அது. உன் பாவத்தை மட்டும் சொல், பிறர் பாவத்தைச் சொல்லாதே. எத்தனையோ தடவை முழங்காலிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடக் குழவியைப் பற்றிச் சொன்னதில்லை. குழவி என் பாவம் இல்லையே.

"இங்க சொல்லலாம்" என்றார்.

சொன்னேன். சொல்லத் தொடங்கிய பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. எலும்பு உடைந்த சத்தத்தைச் சொன்னேன். கர்ப்பத்தில் வயிற்றில் மிதித்ததைச் சொன்னேன். கதவிடுக்கில் விரலை வைத்துச் சாத்தியதைச் சொன்னேன். நாய்ப் பயலே, செத்தும் என்னை விடமாட்டியா என்று கத்திக்கொண்டு மேசையில் இருந்த தண்ணீர்த் தம்ளரைச் சுவரில் எறிந்தேன். கீழே செல்போன் கடைக்காரர் ஓடி மேலே வந்துவிட்டார். அந்த அம்மா அவரைப் போகச் சொல்லிவிட்டு, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, என் வலது கையைப் பார்த்து அவர் கேட்டார்: "தம்ளர எறிஞ்ச இந்தக் கை வீட்டுல என்ன செய்யுது?"

எனக்குச் சுருக்கென்றது. "எனக்க வீட்டுல நடக்கது ஒங்களுக்கு எதுக்கு?" என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்று வாரம் போகவில்லை. கணவரின் பாவத்தைக் கொட்டியாயிற்று, என் பொய்ப் பாவங்களையும் கொட்டியாயிற்று. உண்மையான பாவத்தைச் சாமியாரிடமும் சொன்னதில்லை, அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை. பிள்ளையை அடிப்பது வளர்ப்பு, அதில் என்ன பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது வாரம் தக்கலை பஸ் ஏறினேன். இந்தத் தடவை நாற்காலியைத் திருப்பவில்லை. கரண்டியைச் சொன்னேன், கிழிந்த உதட்டைச் சொன்னேன். பிறகு பழக்கதோஷத்தில், "மன்னிப்பு உண்டா?" என்று கேட்டேன்.

"மன்னிக்க வேண்டிய ஆளு நான் இல்லியே. அவ முகத்தப் பாத்துச் சொல்லுங்க. மணிக்கட்டுல இருந்து தொடங்குங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மகளை எதிரே உட்கார வைத்தேன். இடது கையை நீட்டினேன்.

"மக்கா, இந்தக் கைய சுனாமி ஒடைக்கல. ஒனக்க அப்பா ஒடச்சது."

"தெரியும்."

"எப்பிடி?"

"நான் கட்டிலுக்க அடியில இருந்தேன்லா. குழவி சத்தம் கேட்டுது."

 அவள் தன் மேலுதட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இதுக்குத் தையல் போட்ட டாக்டர் எப்பிடி ஆச்சுன்னு கேட்டாரு. பள்ளிக்கூடத்துல டீச்சரும் கேட்டாங்க. படியில விழுந்தேன்னு சொன்னேன்."

"ஏன் மக்கா அப்பிடிச் சொன்ன?"

"கேம்புல டாக்டர் கேட்டப்ப, அலைன்னு நீ சொன்னல்லா? நான் ஒனக்க மடியிலதான் இருந்தேன். வீட்டுல அடிச்சா வெளிய அப்பிடித்தான் சொல்லணும்னு நெனச்சேன்."

அவர் குழவியால் அடித்தபோதுகூட எனக்கு இப்படி வலித்ததில்லை. அவரிடமிருந்து அடிக்கப் படித்தது நான். அடித்தவரைக் காப்பாற்ற என்னிடமிருந்து படித்தது அவள்.

மறுநாள் அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு டீச்சரிடம், "இவ படியில விழல டீச்சர். நான்தான் கரண்டியால அடிச்சேன். இனி இவ மேல காயம் கண்டா எனக்கிட்ட கேக்காதீங்க, போலீஸ்ட்ட சொல்லுங்க" என்றேன்.  மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவள் பின்னலில் ரிப்பன் அவிழ்ந்திருந்ததைக் கண்டு, கட்டிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். அவள் முழங்கை சட்டென்று மடங்கி முகத்தை மறைத்தது. நான் கையை இறக்கிக்கொண்டேன். மணி அடித்தது, பிள்ளைகள் எல்லாரும் உள்ளே ஓடினார்கள். அவளாகத் திரும்பிப் பின்னலைக் காட்டும்வரை நான் அங்கேயே நின்றேன்.