மூன்று தட்டும் ஒரு மோட்டார் சுவிட்சும்

மாடியை வாடகைக்கு விடுவது உட்கார்ந்து சாப்பிடுகிற தொழில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடிவருகிறவர்களோடு அவர்கள் நாடும் மூட்டை முடிச்சோடு படியேறி வந்துவிடும். வாட்டர் டேங்கையும் வாடகைக்காரர்களையும் ஒருசேரக் கட்டி மேய்க்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை ஒட்டி, ஆசிரமத்துக்குப் பின்னால் இருக்கிறது. வழக்கமாகத் தியானத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள்தான் தங்குவார்கள். அவர்களால் தொந்தரவே கிடையாது, வாயே திறக்க மாட்டார்கள். போன வருஷம் காலேஜில் படிக்கும் மூன்று சோமாலியாப் பையன்கள் வந்தார்கள். அப்தி, தலைநகரம் மொகதிசுவைச் சேர்ந்தவன். சயீத் வடக்கே பண்ட்லாந்து மாநிலத்துக்காரன். யூசுப் தெற்கே ஜூபாலாந்து மாநிலம். ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் தமிழ் பழகியவர்கள். வந்த வாரமே வீடு கலகலப்பாகிவிட்டது, எனக்கும் பிடித்துப்போயிற்று.

பெயர் வெட்டிய தட்டு

ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, ஒரே பெரிய தாம்பாளத்தில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் சோறு, ஒரு கடி வாழைப்பழம். குழம்புச் சோற்றுக்குப் பழத்தைத் தொட்டுக்கொள்வதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அயல்நாட்டுப் பிள்ளைகள், பொரியலுக்கும் வழியில்லை, ஆளுக்கொரு தட்டுக்கும் வழியில்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்; பழமும் ஒரே தாம்பாளமும் அவர்கள் ஊர் வழக்கம் என்று அப்போது தெரியாது.

அன்று சாயங்காலமே பாத்திரக் கடைக்குப் போய் மூன்று எவர்சில்வர் தட்டு வாங்கினேன். யார் தட்டு யாருடையது என்று குழப்பம் வரக்கூடாதே என்று ஒவ்வொன்றிலும் பெயர் வேறு வெட்டச் சொன்னேன். கடைக்காரர் மூன்று பெயரையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு வெட்டிக் கொடுத்தார். பையன்கள் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்கள். சயீத் மட்டும் தன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆன்ட்டி, தட்டு சூப்பர். ஆனா மூணு எதுக்கு? நாங்க சண்டை போடலையே."

யார் கையில் சுவிட்ச்?

டேங்க் மாடியில். அதை நிரப்பும் மோட்டாரின் சுவிட்ச் என் சமையலறையில். இது எல்லா வீட்டுக்காரம்மாக்களும் கடைப்பிடிக்கிற ராஜதந்திரம்தான். நான் கீழ்பென்னாத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் சயீத் சோப்பு போட்ட முகத்தோடு தண்ணீரில்லாமல் நின்றிருக்கிறான். நான் திரும்பி வந்ததும் மனுப்போல நீட்டி முழக்கினான். தண்ணீர் செலவாவது மேலே, அதிகாரம் மட்டும் கீழேயா, மாடிக்கென்று ஒரு சுவிட்ச் வேண்டும் என்றான். அப்தி உடனே என் கட்சி. ஆளாளுக்கு ஒரு சுவிட்ச் இருந்தால் யாரும் அணைக்க மாட்டார்கள், மோட்டார் எரிந்துவிடும் என்றான். யூசுப், மேலே இருப்பவர்களைக் கேட்காமல் கீழேயே முடிவெடுப்பதுதான் தப்பு என்றான்.

பேச்சு எப்போது மோட்டாரை விட்டு மொகதிசுவுக்குப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் நாட்டிலும் இதே வழக்குதானாம். தலைநகரம் எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று மாநிலங்கள் முறுக்கிக்கொள்கின்றன. மாநிலங்கள் தனித்தனி நாடு மாதிரி நடந்துகொண்டால் நாடே மிஞ்சாது என்று தலைநகரம் பயப்படுகிறது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்த என் வீட்டுக்காரர், செருப்பைக் கழற்றிக்கொண்டே முழுசையும் கேட்டார். "இதையேதான் தம்பி, நாங்க டெல்லிகிட்ட ரொம்ப வருஷமா சொல்லிட்டிருக்கோம்."

சுவிட்ச் மட்டும் என் சமையலறையை விட்டு நகரவில்லை.

தட்டுகள் இறங்கின

பிறகு அவர்கள் ஊரில் விவகாரம் முற்றியது. தலைநகரில் அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள். பண்ட்லாந்து அதை ஏற்க மாட்டோம், இனி எங்கள் வழி எங்களுக்கு என்றது. ஜூபாலாந்தும் மத்திய அரசோடு முட்டிக்கொண்டு, தானாகத் தேர்தல் நடத்திக்கொண்டது. செல்போனில் செய்தி வரவர மாடியில் சத்தம் ஏறியது. எனக்கு அந்தப் பாஷை புரியாது. ஆனால் கதவு அறைவதற்குப் பாஷை வேண்டாமே.

மறுநாள் பார்த்தால், அலமாரியில் புத்தம்புதிதாகத் தூங்கிக்கொண்டிருந்த என் தட்டுகள் மூன்றும் இறங்கியிருந்தன. ஆளுக்கொரு ரைஸ் குக்கர், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு தட்டு. ஆசையாசையாகப் பெயர் வெட்டி நான் வாங்கிக் கொடுத்தது பாகப்பிரிவினைக்கு வசதியாகப் போயிற்று. பெரிய தாம்பாளம் மட்டும் மூன்று பேரும் சேர்ந்து வாங்கியதாம்; யாருக்கு என்று தீராமல் கூடத்துச் சுவரில் சாய்ந்துகிடந்தது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், இங்கே வீட்டு புரோக்கருக்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் சயீத்துக்கு ஒரு ரூம் பார்த்துக் கொடுத்துவிட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வேறு ஆட்கள் கிடைப்பார்கள், அது பெரிய விஷயமில்லை. ஒரு தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள் என் வீட்டிலிருந்தா பிரிந்து போகவேண்டும்? அப்தியிடம், நீயாவது ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தக்கூடாதா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போகட்டும் ஆன்ட்டி." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா டீ அவன்தான் நல்லா போடுவான்."

பௌர்ணமியில் வீடு மாற்றியவன்

திருவண்ணாமலையில் பிறந்த பூனைகூடப் பௌர்ணமியன்று வீடு மாற்றாது. சயீத் அன்றைக்குத்தான் வேன் பேசியிருந்தான். மூட்டையெல்லாம் கேட்டுக்கு இறக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான், செங்கம் ரோட்டில் கிரிவல ஜனம் நடக்கத் தொடங்கியாயிற்று. போலீஸ் தடுப்பு போட்டுவிட்டார்கள், வேன்காரர் போனையே எடுக்கவில்லை.

வாசலில் நான் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தேன். வீட்டுக்காரர் பௌர்ணமி டியூட்டிக்குப் போய்விட்டார், எனக்கு ஒத்தாசைக்கு ஆளில்லை. சும்மா நிற்கிற சயீத்தின் கையில் கரண்டியைக் கொடுத்தேன். மற்ற இரண்டு பேரையும் மாடியிலிருந்து இறங்கி வரச் சொல்லி அதட்டினேன். ஒருவன் தண்ணீர் தூக்கினான், ஒருவன் டம்ளர் கழுவினான், ஒருவன் ஊற்றினான். ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை.

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது சோறு போட உட்காரச் சொன்னேன். சயீத்தின் தட்டு மூட்டைக்குள். மற்ற இரண்டு தட்டும் மோர்ப் பானைகளுக்கு மூடியாகிவிட்டன. என் சமையலறைத் தட்டுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை; மிச்சம் இருந்தது தாம்பாளம்தான். அதைக் கொண்டுவந்து, சோற்றைக் கொட்டி, சாம்பாரை ஊற்றி, உருளைக்கிழங்கு வறுவல் வைத்து, மூன்று வாழைப்பழமும் வைத்தேன். யாரும் கை வைக்கவில்லை. யூசுப்தான் முதலில் பழத்தை உரித்தான்.

இரண்டு வாய் போனதும் பழைய சண்டை ஆரம்பமாகிவிட்டது, சாசனம், தேர்தல், எல்லாம். ஆனால் திட்டிக்கொண்டே அப்தி, மொறுமொறுவென்று இருந்த வறுவலையெல்லாம் விரலால் சயீத் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். அவர்கள் வழக்கம் அதுதானாம், நல்லதை அடுத்தவன் பக்கம் தள்ளுவது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. சயீத் அதைப் பார்த்தான். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே அப்தியிடம் சொன்னான்: "உருளைக்கிழங்கு ஓகே. உன் கவர்ன்மென்ட் ஓகே இல்ல."

மூட்டை அன்று சாயங்காலமே மாடி ஏறியது; மறுவாரம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடியிலும் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன், இப்போது டேங்க் வழியும்போதெல்லாம் மேல் சர்க்காரும் கீழ் சர்க்காரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொள்கிறோமே தவிர யாரும் வீட்டைக் காலி செய்வதாக இல்லை.