முழங்காலுக்குக் காது கிடையாது

லிப்ட் பழுதுபார்ப்பவர்களில் அவரைப் போல் காது வாய்த்தவர் வேறு யாருமில்லை. ஏழாம் மாடியில் ஒரு கம்பிவடம் லேசாக முனகினால், கீழே டீ குடித்துக்கொண்டே வியாதி இன்னதென்று சொல்லிவிடுவார். வாரமெல்லாம் மனிதர்களை மேலும் கீழும் இழுத்த அந்த மகான், சனிக்கிழமை மாலைகளில் சுரங்களை மேலும் கீழும் இழுத்தார். வாத்தியத்தின் பெயர் பெடல் ஸ்டீல் கிட்டார். அதைக் கிட்டார் என்று ஒப்புக்கொள்ள அக்கம்பக்கத்தார் இன்றுவரை மறுக்கிறார்கள். நாலு கால், மேலே தட்டைப் பலகை, பலகைமேல் கம்பிகள். பார்வைக்கு இஸ்திரி மேசை. இடது கை ஓர் இரும்புத் துண்டைக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், வலது கை மீட்ட வேண்டும். ஒரு பாதம் பெடல்களை மிதிக்கும், இன்னொன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், முழங்கால்கள் இரண்டும் கீழே தொங்கும் நெம்புகோல்களைத் தள்ளும். மூக்குக்கு மட்டும் ஓய்வு. நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் இழுவை.

சனிக்கிழமைகளில் அவர் வாசித்த இசைக்குழுவின் தலைவன் அவர் மனைவியின் தம்பி. நடனக் கூடத்தில் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஆடுவதைப் பல வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"வர்ற சனிக்கிழமைக்குள்ள சவுண்டைச் சரி பண்ணுங்க மாமா. இல்லேன்னா உங்க வேலையை கீபோர்டுல ஒரு பட்டன் பாத்துக்கும்."

கை, கால், முட்டி எல்லாவற்றையும் கலைக்குக் கொடுத்த மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது! இழுவை அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கடைக்குப் போனார். குறை தன்னிடமில்லை, சத்தத்தை மெருகேற்றும் பெட்டிகள் இல்லாததில்தான் என்பது அவர் முடிவு. கடைக்காரரும் அதை மனமார ஆமோதித்தார். பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல் முழங்க வைக்கும் ரிவெர்ப் பெட்டி வந்தது. போன சுரத்தைத் திருப்பிக் கூப்பிடும் எக்கோ பெட்டி வந்தது. ஒரு ஆளை இரண்டு ஆளாகக் காட்டும் கோரஸ் பெட்டியும் பின்னாலேயே வந்தது. அடுத்து, எக்கோவைச் சத்தப் பெடலுக்கு முன்னால் மாட்டுவதா பின்னால் மாட்டுவதா என்ற ஆராய்ச்சி. முன்னால் மாட்டினால் பாதத்தைத் தூக்கியதும் எதிரொலியும் கப்பென்று நின்றுவிடுகிறது. பின்னால் மாட்டினால் சுரம் நின்ற பிறகும் எதிரொலியின் வால் நீண்டுகொண்டே போகிறது. பின்னால்தான் என்று தீர்ப்பானது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "இப்போ எப்படி?" என்று கேட்டார். மனைவியின் விமர்சனத்தில் இரண்டே தரம்தான்: "குத்துது", "ரொம்பக் குத்துது". தனக்கோ மந்தமாகத்தான் கேட்கிறதே என்று அவர் சத்தத்தைக் கூர்மையாக்கும் ட்ரெபிள் குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். பாவம், அவளுக்குச் சங்கீத ஞானம் போதாது என்று நினைத்தார். பெருந்தன்மையாக, மனசுக்குள் மட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை மனைவி வீட்டைத் துடைக்க வந்தார். கணவரின் இருக்கைக்குப் பின்னால், அவருடைய முழங்காலைப் பார்த்தபடி தரையில் எப்போதும் குந்தியிருக்கும் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி முக்காலிமேல் வைத்தார். மேல் அலமாரி டப்பாக்களை எடுக்க மனைவி ஏறி நிற்கும் முக்காலி அது. இழுவை எந்தக் குமிழையும் தொடவில்லை. ஆம்ப்பின் வாய் தம் காதுக்கு நேரே இருப்பதையும் கவனிக்காமல் கம்பிகளை ஒருமுறை மீட்டினார்.

பல் டாக்டரின் துளைக்கருவி சங்கீதம் கற்றுக்கொண்டு அரங்கேறியதுபோல் இருந்தது. இரும்புத் துண்டு கையிலிருந்து நழுவி விழுந்தது.

கூர்மையான சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். இத்தனை வருஷமாக அது அவர் காலுக்கிடையே புகுந்து, எதிரே இருந்தவர்களின் காதில் பாய்ந்திருக்கிறது. இவருக்குக் கிடைத்தது மிச்சம் மீதி. மற்ற கிட்டார்காரர்கள் வாசித்தபடியே நாலடி நடந்துபோய்க் கேட்டுக்கொள்ளலாம். இவர் எழுந்தால் வாசிக்க முடியாது. வாசித்தால் எழ முடியாது.

"இத்தனை நாளா இப்படியா இருந்துச்சு?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"குத்துதுன்னு சொன்னேனே. அதுக்கு மேல என்னத்தச் சொல்றது?" மனைவி காதிலிருந்து பஞ்சை எடுத்துக் காட்டினார்.

"அப்போ நிறுத்துங்கன்னு ஏன் சொல்லல?"

மனைவி துணியை வாளியில் பிழிந்துகொண்டே சொன்னார். "வாசிக்கறப்போ உங்க மூஞ்சி நல்லா இருக்கும்."

இழுவை ட்ரெபிளை இறக்கினார், இன்னும் இறக்கினார். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பதவி இழந்த மந்திரிகளை வழியனுப்பும் மரியாதையோடு அட்டைப் பெட்டிக்குள் வைத்தார். எக்கோ மட்டும் மந்திரிசபையில் நீடித்தது.

சனிக்கிழமை முக்காலியும் கூடத்துக்குப் போனது. மெதுவான பாட்டொன்றில் அவர் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தினார். காதைப் பொத்தும் கைகளெல்லாம் எதிரே ஆடுபவரின் தோளில் இருந்தன. இடைவேளையில் மைத்துனன் ஓடிவந்தான்.

"எந்தப் பெட்டி மாமா வாங்குனீங்க?"

"முக்காலி."

"எந்தக் கம்பெனி?"

"உங்க அக்காவோடது."

பட்டனுக்கு அன்று வேலை இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. ஆனால் முக்காலி இல்லாமல் மேல் அலமாரி எட்டவில்லை என்று, தலைவலியைக் காரணம் காட்டிப் பல வருஷம் கூடத்துப் பக்கமே வராத மனைவி அன்று அதை மீட்டுக்கொண்டு போக வந்தார். கச்சேரி முடியட்டும் என்று முன்வரிசையில் உட்கார்ந்தார். இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறார். முக்காலிக்குக் காவலாம். காதில் பஞ்சு இல்லை.