ஆறாவது வெடி

மயில்வாகனம் அண்ணை முற்றத்தில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்திருக்கிறார். கையில் துவக்கு என்று பிடித்திருப்பது கருக்குச் சீவிய பனைமட்டை. அதன் அடியில் விசைக்குப் பதிலாக, சைக்கிள் ரியூப் துண்டால் கட்டிய வளைந்த ஆணி. நுனியில் ஒரு இருபத்தைந்து சத நாணயக் குத்தி. ஆணியை இழுக்கும்போது குத்தி விழக்கூடாது. விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் சரவணைக் கிராமமே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற காலை நேரத்தில் இந்த மனிதர் செய்கிற வேலை இது. "தேசிக்காய் பிழியிற மாதிரி மெல்ல மெல்லப் பிழியோணும் தம்பி. வெடிக்கிறது எங்களுக்கே தெரியப்படாது" என்றார். அயல்வீட்டுக்காரனான நான் எதுவும் கேட்கவேயில்லை.

வயது நாற்பத்தாறு. பதுளையில் மைத்துனரின் இரும்புக்கடையில் வேலைக்கு நின்றவர். ஆணி வாங்க வந்த ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத்துரை ஒருவர், தராசு பிடிக்கும்போது இவருடைய கை ஆடாமல் நிற்பதைக் கண்டு தங்கள் துவக்குச் சூட்டுக் கழகத்துக்குக் கூட்டிப் போனாராம். பத்து ஞாயிறு படுக்கவும் மூச்சுப் பிடிக்கவும் மட்டுமே பழக்கினார்கள். பதினோராம் ஞாயிறு ஐந்து தோட்டா கொடுத்தார்கள். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள் போனதாம். அவர் சொல்லித்தான் தெரியும். அடுத்த ஞாயிறு வருவதற்குள் கடை எரிந்துவிட்டது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரம். அகதிக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் வீடு போனது, ஆட்கள் போனது என்று அழ, இவர் "பன்னிரண்டாம் ஞாயிறு எனக்குப் போட்டியெல்லோ" என்று அழுதார். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தே ஐந்து வெடி சுட்டவரின் எடுப்பைப் பாருங்கள்! தேத்தண்ணீர் குடிக்க மாட்டார், கை நடுங்குமாம். கிணற்றில் அள்ள மாட்டார், தோள் இறுகுமாம். அள்ளுவது மனைவி சிவக்கொழுந்து.

நாலரை வருடம் தரையில் ஊன்றியதில் இரண்டு முழங்கையும் காய்த்துப் போயின. சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பார்ப்பதே அதைத்தானே! முழங்கை காய்த்தவன் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் என்பது அவர்கள் கணக்கு. போன மாதம் ஊர் ஆண்களை வரிசையில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இவரை மட்டும் முகாமுக்கு ஏற்றினார்கள். "இது விளையாட்டு ஐயா, விளையாட்டு" என்று கத்திக்கொண்டே போனார். சிவக்கொழுந்து மூன்று பெண்பிள்ளைகளோடு மூன்று நாள் முகாம் வாசலில் வெயிலில் இருந்தாள்.

மூன்றாம் நாள் அங்கிருந்த அதிகாரிக்கு ஒரு பகிடி தோன்றியது. வேலிக்கட்டையில் வெறும் பால்மாத் தகர ரின் ஒன்றை வைக்கச் சொன்னான். இவர் கையில் ஒரேயொரு தோட்டா போட்ட துவக்கு. முதுகுக்குப் பின்னால் நான்கு பேர் துவக்கை நீட்டியபடி. மொழிபெயர்க்கிறவன் சொன்னான்: "ரின்னில் பட்டால் நீர் பயிற்சி எடுத்த ஆள். வெளியில் விடமாட்டார்கள். படாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்."

படவில்லை. வீட்டுக்கு வந்தார். "வேணுமெண்டு குறி பிழைக்க விட்டிருக்கிறான், மூளைக்காரன்!" சங்கக்கடை வரிசையில் இப்போது அதுதான் கதை. நானும் இன்றைக்கு அதைச் சொல்லிப் பாராட்டினேன்.

சாக்கிலிருந்து எழும்பி உட்கார்ந்தார். முகம் கறுத்துவிட்டது. "ஆர் சொன்னது வேணுமெண்டு எண்டு? நான் ரின்னுக்கு நேராத்தான் பிடிச்சனான். மூச்சைக்கூட அரைவாசியிலை நிப்பாட்டினனான்."

"பட்டிருந்தால், அண்ணை?"

"பட்டிருக்கோணும். அது எனக்குப் பழகாத துவக்கு தம்பி."

குசினி வாசலில் வாளியோடு நின்ற சிவக்கொழுந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் அவளும் ஊர்க்கதையைத்தான் நம்பியிருந்தாள், பாவம். "நாங்கள் நாலு பேர் வாசல்லை இருந்தது உங்களுக்குத் தெரியுமெல்லோ?" என்றாள். சத்தம் போடவில்லை.

"ஓம், தெரியும்."

வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருந்தது.

அவர் அவள் போன பக்கம் திரும்பவில்லை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இவ்வளவாலைதான் தவறினது" என்றார். பிறகு அந்த இடைவெளியைத் தானே ஒருமுறை பார்த்து, விரல்களை இன்னும் கொஞ்சம் நெருக்கினார்.