வாசலில் போட்ட உடுப்புகள்

கொச்சி மட்டாஞ்சேரி ஆறுச்சாமிக்குப் பட்டாளம் என்ற சொல்லே ஆகாது. இத்தனைக்கும் அவர் வயிறு வளர்த்தது பட்டாளத்துத் துணியை வெளுத்துத்தான். ஹாங்காங்கில் வெள்ளைக்காரப் படைமுகாமின் சலவைக்கூடத்தில் மீசை அரும்பும்போது சேர்ந்தவர், அது நரைக்கும்வரை அங்கேயே இருந்தார்.

தொண்ணூற்றேழில் அந்த ஊர் சீனாவின் கைக்குப் போகிறது என்று ஆனதும், முன்கூட்டியே முகாமைக் காலி செய்யத் தொடங்கினார்கள். அதற்கென்றே ஒரு மேஜர் வந்தார். எந்தக் கட்டடத்தை எப்போது பூட்டுவது, எது கப்பலேறும், எதை வரப்போகிறவர்களுக்கு விட்டுப்போவது, எல்லாம் அவர் முடிவுதான். காவல்நாய்களுக்குக்கூட விமானத்தில் இடம் போட்டார். சலவைக்காரர்கள் மட்டும் சலவையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவனின் ஆட்கள், தன் பொறுப்பில்லை என்றுவிட்டார்.

முதலில் பூட்டியது ஆஸ்பத்திரியை. ஆறுச்சாமியோடு மட்டாஞ்சேரியிலிருந்து புறப்பட்டுப்போன நல்லசிவம் அங்கே நெஞ்சடைப்போடு படுத்திருந்தார். சிப்பாய்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். நல்லசிவத்தை வாசலில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஆறுச்சாமி மேஜரிடம் ஓடினார். குத்தகைக்காரனைக் கேள் என்றார் அவர். குத்தகைக்காரன் கண்ணிலேயே படவில்லை. நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்ச் சேர்ப்பதற்குள் நல்லசிவத்தின் மூச்சு நின்றுவிட்டது.

பிறகு பிரியாவிடை அணிவகுப்புக்கான உடுப்புகள் வந்தன. ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது என்று மேஜரே வந்து சொன்னார். ஆறுச்சாமி அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் அழுக்கோடு ஆஸ்பத்திரி வாசலில் வீசினார்.

"என் ஆளை எங்க போட்டியோ, இதும் அங்கயே கெடக்கட்டும்."

தமிழில்தான் சொன்னார். மேஜருக்குச் சொல் புரியவில்லை, முகம் புரிந்தது. அன்றே ஆறுச்சாமியை வெளியே அனுப்பினார்கள். அணிவகுப்பென்னவோ நடக்கத்தான் செய்தது.

ஊருக்கு வந்து மறுபடி சலவைத்துறையில் கல்லடியில் இறங்கினார். எதிரே கடற்படைத் தளம் இருக்கும் வெலிங்டன் தீவிலிருந்து ஒரு கடற்படை அதிகாரியின் வெள்ளை உடுப்பு வெளுக்க வந்தபோது மூட்டையை எட்டி உதைத்தார். மனைவி சுப்பம்மாள் அதை எடுத்துத் தட்டினாள்.

"அந்த மேஜரு செஞ்சதுக்கு இந்தச் சேட்டன் என்ன பண்ணுவாரு? நல்லசிவம் பொண்டாட்டியும் நம்ம கூடத்தான் இருக்கு. எதை வச்சு உலை வைக்கட்டும்?"

அவளே வெளுத்தாள், தேய்த்தாள். பின்னால் தீவிலிருந்து வந்த துணிதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. ஆறுச்சாமி அந்தப் பக்கமே திரும்பாமல் மற்ற வீட்டுத் துணிகளைக் கல்லில் அடித்தார். அடிக்கிற வேகத்தில் பக்கத்துக் கல்லில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.